எட்டுச் சதுர வீடு பதினான்கு சதுரம் ஆன கணக்கு

கடலூர், புதுச்சேரி பக்கம் மேஸ்திரிகள் வீட்டைச் சதுரத்தில்தான் பேசுவார்கள். ஒரு சதுரம் என்பது 100 சதுர அடி. ஒரு தலைமுறைக்கு முன்பு திருப்பாப்புலியூரிலோ லாஸ்பேட்டையிலோ மாதச் சம்பளக் குடும்பம் கட்டிய வீடு பெரும்பாலும் ஏழெட்டுச் சதுரம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அடுக்களை, பின்பக்கம் குளியலறையும் கழிப்பறையும், மாடிக்கு வெளிப்படி. அவ்வளவுதான். இன்று அதே நிலையில் இருக்கும் குடும்பம் பிளான் போட உட்காரும்போது பேச்சே பன்னிரண்டு, பதினான்கு சதுரத்தில் தொடங்குகிறது.

வீடு கட்ட முடியாமல் போவதற்கு மனை விலை, கம்பி விலை, வட்டி ஆகியவற்றைக் காரணம் காட்டுவது வழக்கம். அவை காரணங்கள்தான். ஆனால் அவை ஒரு சதுர அடிக்கு என்ன ஆகும் என்பதைத்தான் தீர்மானிக்கின்றன. எத்தனை சதுர அடி, அதற்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது எதிர்பார்ப்பு. செலவில் எது பெரிய பங்கு என்று பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போதும். மெட்டீரியலோடு சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எட்டுச் சதுரம் 18.40 லட்சம். பதினான்கு சதுரம் 32.20 லட்சம். வித்தியாசம் 13.80 லட்சம். 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 868 ரூபாய். ஆக அந்த ஆறு சதுரத்துக்காக மட்டும் மாதம் 12,000 ரூபாய் போகிறது.

இதோடு சிமென்ட்டை ஒப்பிடுங்கள். சாதாரண கான்கிரீட் வீட்டுக்குச் சதுர அடிக்கு ஏறத்தாழ 0.4 மூட்டை ஆகும். எட்டுச் சதுரத்துக்கு 320 மூட்டை. மூட்டைக்கு 50 ரூபாய் ஏறினால் மொத்தச் சுமை 16,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மூட்டைக்கு 30 ரூபாய் குறைந்ததாக வைத்தாலும் மிச்சம் பத்தாயிரத்தைத் தொடவில்லை. இரண்டாவது பாத்ரூமின் டைல்ஸ் வேலையே அதைத் தின்றுவிடும்.

பாத்ரூம், படி, சுவர்

எதிர்பார்ப்பு ஏறியது எல்லாமே ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது. கழிப்பறை வீட்டுக்குள் வந்தது முன்னேற்றம்தான். இரவில், மழையில், காலில் வலியோடு கொல்லைக்குப் போக வேண்டியிருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ‘அந்தக் காலத்தில் பத்துப் பேரும் ஒரே ஹாலில் படுத்தோம்’ என்று பெருமை பேசுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதையும் கவனிக்கலாம். கேள்வி, ஒன்றுக்கு மேல் ஒன்று சேரும்போது என்ன ஆகிறது என்பதுதான்.

5-க்கு 7 அடியில் ஒரு அட்டாச்டு பாத்ரூமை எடுத்துக்கொள்வோம். தரை 35 சதுர அடி. சுற்றளவு 24 அடி. ஏழடி உயரம் வரை டைல்ஸ் ஒட்டினால் 168 சதுர அடி, கதவு போக 150. தரையையும் சேர்த்து 185 சதுர அடி டைல்ஸ். பக்கத்தில் இருக்கும் 10-க்கு 12 படுக்கையறைக்குத் தரை 120 சதுர அடி, ஸ்கர்ட்டிங் கொஞ்சம், அவ்வளவே. பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அறை, டைல்ஸில் ஒன்றரை மடங்கு கேட்கிறது. அதன்மேல் தண்ணீர் கசியாமல் இருக்கப் பூசும் வாட்டர்ப்ரூஃபிங், குளோசெட், குழாய்கள், கீசர் பாயிண்ட், தனிக் கதவு, வென்டிலேட்டர், வெளியே கழிவுநீர்க் குழாய்க்கு ஒரு சேம்பர். ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் சராசரியாக்கி ஒரே சதுர அடி ரேட் சொல்வதால் இந்த வித்தியாசம் வீட்டுக்காரர் கண்ணில் படுவதில்லை.

இந்த ஒரே ரேட் பழக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. போர்வெல், சம்ப் எனும் தரையடித் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், மின் இணைப்பு, அடுக்களை, பாத்ரூம் ஆகியவை ஆறு சதுரத்துக்கும் வேண்டும், பன்னிரண்டு சதுரத்துக்கும் வேண்டும். எனவே சின்ன வீட்டுக்குச் சதுர அடி ரேட் எப்போதும் கூடுதலாகத்தான் வரும். ‘இன்னும் நாலு சதுரம் சேர்த்துப் போட்டால் ரேட்டைக் குறைத்துத் தருகிறேன்’ என்று மேஸ்திரி சொல்வது பொய்யில்லை. ஆனால் ரேட் குறைகிறது, பில் ஏறுகிறது. சதுர அடிக்கு 100 ரூபாய் குறைந்ததற்காக எட்டு ஒன்பது லட்சம் கூடுதலாகக் கடன் வாங்கியவர்கள் எல்லா நகரிலும் இருக்கிறார்கள். கேட்க வேண்டியது மொத்தத் தொகையை.

வீட்டுக்குள்ளேயே மாடிப்படி என்பதும் இப்போது எழுதப்படாத விதி. பத்தடி உயரத்துக்கு 7 அங்குல வீதம் 17 படி ஏற வேண்டும். திரும்பி ஏறும் படிக்கட்டு, நடுமேடை, சுவர் எல்லாம் சேர்ந்து 70 முதல் 80 சதுர அடி போகும். கீழே ஒரு தடவை, மேலே திறப்பாக இன்னொரு தடவை. 600 சதுர அடி மனையில் இரண்டு தளம் போட்டால் அதில் ஏறத்தாழ ஒன்றரைச் சதுரம் நடப்பதற்கு மட்டும். சன்ஷேடுக்கு மேலாக ஏறும் வெளிப்படிக்கு இந்த இழப்பு இல்லை. பின்னாளில் மேல்தளத்தை வாடகைக்கு விடவும் அதுதான் வசதி.

புதுச்சேரியின் பழைய தமிழ்ப் பகுதி வீடுகள், வைசியாள் வீதியில் இன்றும் பார்க்கலாம், தெருவோடு தெருவாக ஒட்டி நிற்பவை. திண்ணை, தாழ்வாரம், முற்றம், பின்கட்டு. பக்கச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. காற்றும் வெளிச்சமும் முற்றத்தின் வழியாக வந்தன. இன்று ஒவ்வொரு வீடும் நான்கு பக்கமும் தனியாக நிற்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு, பல இடங்களில் விதியும் அதுவே. 20 அடி அகல மனையில் இருபுறமும் 3 அடி விட்டால் கட்ட மிஞ்சுவது 14 அடி. இருபக்கச் சுவரும் 9 அங்குலம் என்றால் உள்ளே 12.5 அடி. விட்ட அந்த 3 அடியில் பெரும்பாலும் செப்டிக் குழாயும் உடைந்த டைல்ஸும் கிடக்கும். ஒட்டு வீட்டை விதி அனுமதிக்கும் இடங்களில்கூட யாரும் கேட்பதில்லை என்பது வருத்தம்.

கார் ஒன்று வந்தால்

கார் நிற்க 2.5-க்கு 5 மீட்டர் வேண்டும், அதாவது 135 சதுர அடி. 1,200 சதுர அடி மனையில் அது பத்தில் ஒரு பங்கு. 600 சதுர அடி மனையில் நான்கில் ஒரு பங்கை நெருங்குகிறது. இடம் போதாது என்றதும் ஸ்டில்ட் யோசனை வரும். கீழ்த்தளம் முழுக்கத் தூண்கள், வீடு முதல் மாடியிலிருந்து தொடங்கும். குடியிருக்க ஒரு சதுர அடிகூடக் கிடைக்காத தளத்துக்கு அஸ்திவாரம், தூண், பீம், தளம், படி எல்லாம் செலவாகிறது. அடுத்து, முழங்கால் வலியுள்ள அம்மா எப்படி மாடி ஏறுவார் என்று கேள்வி வரும். லிஃப்ட். லிஃப்டுக்குக் குழி, மேலே மிஷின் இடம், பெரும்பாலும் மும்முனை மின்சாரம், கரண்ட் போனால் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க பேட்டரி, வருடாவருடம் பராமரிப்பு ஒப்பந்தம். காரின் கடன் ஏழு வருடத்தில் முடிந்துவிடும். அதற்காக வீட்டில் செய்த மாற்றத்தின் கடன் இருபது வருடம் ஓடும். இதில் கடலோர ஊர்களின் வேடிக்கை, வெள்ளம் வந்தால் முதலில் முழுகுவது கீழே நிற்கும் அந்தக் கார்தான்.

பேஸ்மட்டப் போட்டி

இந்த வட்டாரத்தில் எதிர்பார்ப்பை ஏற்றியதில் தண்ணீருக்குப் பெரிய பங்கு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறி, கூரையும் ஷீட்டும் பறந்த பிறகு, கான்கிரீட் தளம் இல்லாத வீட்டை வீடாகவே யாரும் எண்ணவில்லை. 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. இரண்டொரு நாளில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் கரையோரக் குடியிருப்புகளைப் பிடித்துக்கொண்டது.

எனவே தெருவிலிருந்து வீட்டுத் தரையை உயர்த்தும் பேஸ்மட்டம் இரண்டடி போதும் என்ற காலம் போய், நான்கடி கேட்கிறார்கள். நியாயமான ஆசை. செலவைப் பார்ப்போம். எட்டுச் சதுர வீட்டில் ஒரு அடி உயர்த்த 800 கன அடி, அதாவது எட்டு யூனிட் கிராவல். தண்ணீர் விட்டு இடித்தால் இறங்கும் என்பதால் பத்து யூனிட் வாங்க வேண்டும். இரண்டடி கூட்டினால் இருபது யூனிட். சுற்றிலும் பேஸ்மட்டக் கட்டுவேலை இரண்டடி கூடும். மண் வெளியே தள்ளும் என்பதால் அந்தச் சுவர் கொஞ்சம் தடிமனாகவும் வேண்டும். நிரப்பியதை 6 அங்குல அடுக்காக இடிக்காமல் ஒரே நாளில் கொட்டி மூடினால், முதல் மழைக்காலத்திலேயே தரை டைல்ஸ் தொங்கி, தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் வரும். இங்கே புது வீடுகளில் அடிக்கடி பார்க்கும் குறை இது. டைல்ஸ் மேல் பழி போடுவார்கள். தவறு மண்ணில்.

யாரும் முன்கூட்டியே யோசிக்காத விஷயம் சாய்தளம். சக்கர நாற்காலி ஏறக்கூடிய சாய்வு 12-க்கு 1. நான்கடி உயரத்துக்கு 48 அடி நீளம் வேண்டும், 30-க்கு 40 மனையின் ஆழமே 40 அடிதான். ஆகவே எல்லோரும் செங்குத்தாகப் போட்டு, அதையும் தெருவுக்குள் நீட்டி, மழைநீர் வடிகாலை அடைத்துவிடுகிறார்கள். அடைபட்ட வடிகால் அடுத்த மழைக்குத் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளும். பழைய தாரைச் சுரண்டாமலே மேல் மேலாக ரோடு போடும் பழக்கமும் சேர்ந்துகொள்ள, பத்து வருடத்துக்கு முன்பு இரண்டடி பேஸ்மட்டத்தில் கட்டியவர் இன்று தெருவிலிருந்து கீழே இறங்கி வீட்டுக்குள் போகிறார். அவர் வீட்டில் எதுவும் மாறவில்லை, ஆனால் ‘தாழ்வான வீடு’ என்று விலை இறங்கிவிட்டது. வீட்டை இடித்துக் கட்டவோ ஜாக்கி வைத்துத் தூக்கவோ அவர் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவருடைய பாதுகாப்பு எதிர்பார்ப்பு இன்னொருவரின் செலவாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. தெருவுக்கே ஒரே மட்டம் குறித்து, ரோட்டைச் சுரண்டிப் போட்டால் தனித்தனியாக ஆகும் செலவில் பெரும்பகுதி தேவைப்படாது.

கண்ணில் படுவதும் படாததும்

எதிர்பார்ப்பு ஏறியது பெரும்பாலும் கண்ணில் படும் பொருட்களில். முகப்பு அலங்காரமான எலிவேஷன், கிரானைட் படி, ஃபால்ஸ் சீலிங், யூ.பி.வி.சி. ஜன்னல், மாடுலர் கிச்சன். ஆனால் ஒப்பந்த ரேட் அதே வேகத்தில் ஏறுவதில்லை, பக்கத்து ஒப்பந்தக்காரர் 50 ரூபாய் குறைவாகச் சொல்வார் என்ற பயம் இருக்கிறது. எனவே வெளியே கூடியது உள்ளே குறைகிறது. குறைக்கச் சுலபமான இடங்கள் தெரிந்தவைதான்: கம்பி பலகையைத் தொடாமல் இருக்க அடியில் வைக்கும் கவர் பிளாக், கான்கிரீட் இறுகத் தண்ணீர் காட்டுவது, கான்கிரீட்டில் சிமென்ட் அளவு.

கடற்காற்று படும் ஊரில் இதன் விலை அதிகம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி கடலோரச் சூழலுக்கு நேரடியாக வெளிப்படும் கான்கிரீட் ‘கடுமையான’ வகையில் சேரும். குறைந்தது எம்-30 தரம் (எண் கூடினால் வலு கூடும்), கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடல். உப்புக் காற்றிலிருந்து மறைவாக இருக்கும் பகுதிக்கு எம்-25, 30 மி.மீ. நடப்பில் தேவனாம்பட்டினத்திலும் முத்தியால்பேட்டையிலும் சன்ஷேடு கான்கிரீட் எம்-20 கலவையில், கம்பி ஏறக்குறைய பலகையைத் தொட்டுக்கொண்டே போடப்படுகிறது. எட்டுப் பத்து வருடத்தில் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட் பாளம் பாளமாக உதிரும். சன்ஷேடு, பால்கனி ஓரம், மொட்டைமாடிக் கைப்பிடித் தூண் என்று வரிசையாகப் போகும். கவர் பிளாக் ஒன்று சில ரூபாய்தான். கடையில் விற்கும் சிமென்ட்டில் பெரும்பகுதி சாம்பல் கலந்த பி.பி.சி. வகை, அதற்குக் குறைந்தது பத்து நாள் தண்ணீர் கட்ட வேண்டும். நான்காம் நாளே நிறுத்திவிட்டு, தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க அவசரப்படுவதற்குக் காரணம், பலகை வாடகை மிச்சமாகி அது எங்கோ ஃபால்ஸ் சீலிங்குக்குப் போக வேண்டும்.

இதற்கு நேர்மாறான வீண் செலவும் உண்டு. எல்லா இடத்திலும் ‘பில்லர் போட்டுத்தான் கட்டணும்’ என்பது. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் களிமண்ணில், வெயிலில் சுருங்கி மழையில் உப்பும் தரையில், பில்லரும் ஆழமான அஸ்திவாரமும் தேவைதான். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் கெட்டித் தரையில் ஒரே தளம் மட்டும் கட்டப் போகிறவருக்கு 9 அங்குலச் செங்கல் சுவரே தாங்கும். பேஸ்மட்ட மட்டத்திலும், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்திலும் வீடு முழுக்கச் சுற்றி கான்கிரீட் பட்டை போட்டால் போதும். பில்லர் வீட்டுக்குச் சதுர அடிக்கு 3.5 முதல் 4 கிலோ கம்பி, சுவர் தாங்கும் ஒரு தள வீட்டுக்கு அதில் ஏறத்தாழப் பாதி. எட்டுச் சதுரத்தில் ஒன்றரை டன் மிச்சம். ஆனால் பில்லர் இல்லாத வீடு என்றால் ‘காசு இல்லாமல் கட்டினது’ என்ற பெயர் வந்துவிடுகிறது. நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த ஃப்ளை ஆஷ் கல்லுக்கும் இதே கதி. பக்கத்திலேயே கிடைக்கிறது, அளவு ஒரே சீராக இருப்பதால் பூச்சுக் குறைகிறது, ஆனாலும் சிவப்புக் கல் இல்லையே என்ற குறை.

கடனில் இருக்கும் படிகள்

எதிர்பார்ப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். செலவு அப்படி ஏறாது, சில இடங்களில் ஒரேயடியாகக் குதிக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பிளானில் இரண்டு சதுரம் கூட்டுவதுதான் பலரை முறிக்கிறது.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம்தான். 33.33 லட்ச ரூபாய் வீட்டுக்கு 30 லட்சம் கடன் கிடைக்கும், கைக்காசு 3.33 லட்சம். வீட்டை 37.50 லட்சத்துக்கு ஏற்றினால், அதில் 80 சதவீதம் அதே 30 லட்சம். அதாவது இடையில் கூடிய 4.17 லட்சம் முழுவதும் கையிலிருந்து. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? நகைக்கடன், தனிநபர் கடன், வட்டிக்காரர். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் முத்திரைத்தாள், பதிவுச் செலவை இந்த மதிப்பில் சேர்க்கவும் முடியாது. தமிழ்நாட்டில் மனைப் பத்திரத்துக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2023 ஏப்ரல் முதல் 2 சதவீதம் பதிவுக் கட்டணம். அது தனிக் கைச்செலவு.

பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0-இன் வட்டி மானியத்துக்கு ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை, வீட்டு மதிப்பு 35 லட்சம் வரை, கடன் 25 லட்சம் வரை, உள்பரப்பு 120 சதுர மீட்டர் வரை என்று எல்லை. தகுதியுள்ளவருக்கு 1.80 லட்சம் வரை கிடைக்கும். போர்டிகோவும் எலிவேஷனும் சேர்ந்து 36 லட்சம் ஆனால் அது போச்சு. கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் வாங்குகிறவருக்கு இன்னும் கூர்மை. கடலூர், புதுச்சேரி போன்ற பெருநகரம் அல்லாத இடங்களில் 90 சதுர மீட்டர் உள்பரப்புக்குள், 45 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. 1 சதவீதம். தாண்டினால் 5 சதவீதம். 45 லட்சம் ஃபிளாட்டுக்கு 45,000 ரூபாய் வரி, 46 லட்சத்துக்கு 2.30 லட்சம். மூடிய கார் பார்க்கிங் கேட்டு ஒரு லட்சம் கூட்டியவர் உண்மையில் 2.85 லட்சம் கூட்டியிருக்கிறார்.

தவணைக் கணக்கில் இன்னொன்று. கட்டடம் ஐம்பது வருடம் நிற்கும். பிளைவுட் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், பெயின்ட் எல்லாம் இந்த உப்புக் காற்றில், ஈரப்பதத்தில் பத்து வருடம் தாங்கினால் அதிகம். கீல் துருப்பிடிக்கும், பலகை அடியில் உப்பும். ஆனால் எல்லாம் ஒரே கடனில் அடங்கியிருக்கின்றன. 8.5 சதவீதத்தில் 20 வருடக் கடனில், பத்தாவது வருட முடிவில் அசலில் 70 சதவீதம் இன்னும் பாக்கி. மூன்று லட்ச ரூபாய் கிச்சனைக் கழற்றிப் போடும் நாளில் அதற்கான அசலில் இரண்டு லட்சத்துக்கு மேல் மீதி இருக்கும். பத்து வருடப் பொருளை இருபது வருடக் கடனில் வாங்குவது, கல்யாணச் சாப்பாட்டுக்குப் பேரன் காலம் வரை தவணை கட்டுவது மாதிரி.

குறைந்தபட்ச வீடு எது?

தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒரு குடியிருப்பு அறைக்கு 9.5 சதுர மீட்டரும், இரண்டாவது அறைக்கு 7.5, அடுக்களைக்கு 5, சேர்ந்த குளியல்-கழிப்பறைக்கு 2.8 சதுர மீட்டரும் கேட்கிறது. கூட்டினால் 24.8 சதுர மீட்டர், 267 சதுர அடி. கிராமப்புறப் பிரதமர் வீட்டுத் திட்டத்தின் 25 சதுர மீட்டரும் இதையொட்டியே இருக்கிறது. தமிழ்நாட்டின் கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, அதற்கு 3.50 லட்சம் ரூபாய். சதுர அடிக்கு 972 ரூபாய் ஆகிறது.

சந்தை ரேட்டில் பாதிக்கும் குறைவான அந்தத் தொகையில், குடும்பத்தின் சொந்த உழைப்பையும் சேர்த்துத்தான் 360 சதுர அடி முடியும். ஆனால் தெருவில் மற்ற வீடுகளைப் பார்த்து, ‘கட்டுவதே ஒரு தடவை’ என்று கடைக்கால் தோண்டும்போதே 600 சதுர அடிக்கு விரிப்பது குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, பாகூர்ப் பக்கம் சாதாரணம். மானியம் வேலை ஏறஏறத் தவணையாக வரும். பெரிதாக்கிய பேஸ்மட்டத்திலேயே இரண்டு தவணைப் பணம் கரைந்துவிட, வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கும். தளம் போடக் குழுக் கடன், வாரத் தவணைக் கடன். இலவசமாகத் தொடங்கிய வீடு இந்தக் கணக்கில் மிக அதிக வட்டிக்குக் கட்டிய வீடாகிவிடுகிறது. இங்கே ஆசையைக் குறை சொல்லிப் பயனில்லை. 360 சதுர அடிக்கே கடைக்கால் போட்டு, ஒரு பக்கச் சுவரில் மட்டும் பின்னாளில் அறை சேர்க்க இடம் விட்டுத் தரும் பிளானை ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் கையில் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

சின்ன வீடு கட்ட மனதிருந்தாலும் சின்ன மனை கிடைக்காது என்பது அடுத்த கட்டம். மனைப்பிரிவுகளில் அகலச் சாலை கேட்கிறார்கள், கார் திரும்ப வேண்டும். 30 அடி முகப்புள்ள 1,200 சதுர அடி மனை, 24 அடிச் சாலையில் தன் பக்கத்துப் பாதியாக (30-க்கு 12) 360 சதுர அடியைச் சுமக்கிறது. சாலை 30 அடி என்றால் 450 சதுர அடி. இந்தக் கூடுதலும் நுழைவு வளைவும் பூங்காவும் மனை விலையில்தான் ஏறும். நகருக்குள் நிலம் சதுர அடி ஆயிரங்களில் போகும்போது 600 சதுர அடியாகப் பிரித்தால் பலரால் வாங்க முடியும். ஆனால் ‘சின்ன மனை போட்டால் நகரின் தரம் போய்விடும்’ என்று விற்பவரும் பிரிப்பதில்லை, வாங்கியவரும் விடுவதில்லை. அமெரிக்காவில் இது வெகு முன்பே நடந்து முடிந்தது. 1973-இல் அங்கே கட்டப்பட்ட புதிய தனி வீட்டின் இடைநிலை அளவு 1,525 சதுர அடி, 2015-இல் 2,467. குடும்பம் சுருங்கிக்கொண்டே வந்த காலத்தில்தான் வீடு இப்படி விரிந்தது. சின்ன வீடு சந்தையிலிருந்தே காணாமல் போனதால், தொடக்கச் சம்பளக்காரர்களுக்கு வாங்க ஒன்றுமில்லாமல் போயிற்று.

வாடகையிலும் இதே போக்கு. புதுச்சேரியில் கல்லூரிகளையும் ஜிப்மரையும் நம்பி வரும் வாடகைதாரர்களுக்காக, முன்பு ஒரு முற்றத்தைச் சுற்றி நாலைந்து குடும்பம் இருந்த வீடுகள் இடிக்கப்பட்டு லிஃப்டும் அட்டாச்டு பாத்ரூமும் உள்ள தளங்களாகின்றன. பழைய போர்ஷனில் இருந்த தையல்காரரும் கடைச் சிப்பந்தியும் வில்லியனூருக்கு அப்பால் நகர்கிறார்கள், பஸ் செலவு கூடுகிறது.

இப்போது செய்ய வேண்டியது, பிறகு செய்யலாம் என்பது

பழைய தலைமுறை வீட்டைக் கட்டி முடிக்கவில்லை, கட்டிக்கொண்டே இருந்தது. இன்று கிரகப்பிரவேசத்தன்றே எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பில் மிக விலை உயர்ந்தது. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான தரைத்தள, முதல்தள வீட்டுக்குச் சுயசான்றில் உடனடி அனுமதி கிடைக்கிறது. இரண்டு தளத்துக்கும் சேர்த்து வரைந்து வைத்துக்கொண்டு, இப்போதைக்குக் கீழ்த்தளம் மட்டும் கட்டலாம். அப்படிக் கட்டும்போது பின்னால் திருத்த முடியாதவற்றை இப்போதே செய்ய வேண்டும். அஸ்திவாரத்தின் அளவு, கான்கிரீட் தரம், பேஸ்மட்ட உயரம், படியின் இடம், செப்டிக் டேங்க் இருக்கும் இடம் ஆகியவை அந்த வகை. எதிர்காலப் பாத்ரூம் வரும் மூலையில் பேஸ்மட்டச் சுவர் வழியாக ஒரு 4 அங்குலக் குழாயை மூடிபோட்டு விட்டுவைப்பதும், ஏ.சி. பாயிண்டுக்கு வெறும் பைப்பை மட்டும் தளத்துக்குள் புதைப்பதும் சில நூறு ரூபாய் வேலை. பின்னாளில் உடைத்துச் செய்தால் ஆயிரங்கள்.

கிச்சனுக்குக் கடப்பா பலகையில் மேடை, அடியில் செங்கல் தடுப்பில் அலமாரி, கதவு பிறகு. எலிவேஷன், ஃபால்ஸ் சீலிங், கிரானைட், காம்பவுண்டு கேட்டில் வேலைப்பாடு எல்லாம் சம்பளம் ஏறும்போது கைக்காசில் செய்யக்கூடியவை.

மாடி போடும் உத்தேசத்தில் தூண் கம்பியை மொட்டைமாடியில் நீட்டி விடுபவர்கள் ஒரு விஷயத்தை மறக்கிறார்கள். 16 மி.மீ. கம்பிக்கு இணைப்புக்காக 800 மி.மீ. நீளம் விடுவது வழக்கம். கடலூரில் அதை அப்படியே காற்றில் விட்டால் ஐந்தாறு வருடத்தில் விரலால் உரித்தால் செதில் செதிலாக வரும். அந்த மெலிந்த கம்பியில்தான் மேல் தளத்தின் தூண் நிற்கப் போகிறது. துரு உள்ளேயும் இறங்கி, கீழ்த் தூணின் தலையைப் பிளக்கும். செய்ய வேண்டியது: கம்பியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, கெட்டியான சிமென்ட் பால் இரண்டு தடவை பூசி, சுற்றிலும் பலகை வைத்து சிமென்ட் குறைந்த மெலிந்த கலவையில் கான்கிரீட் ஊற்றிக் கம்பி முனை தெரியாமல் மூடிவிட வேண்டும். மேல்பக்கம் தண்ணீர் தேங்காமல் சரிவாகப் பூச வேண்டும். மாடி கட்டும்போது உளியால் தட்டினால் உதிர்ந்துவிடும். பிளாஸ்டிக் கவரையோ பாட்டிலையோ கவிழ்த்து வைப்பது உதவாது, உள்ளே ஈரம் தங்கித் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.